றைவர் வீட்டு எஞ்சின்

கழுதைகளைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. பள்ளிமுனையில் பலர் அவற்றுக்குக் கல்லெறிவார்கள். வேலியைப் பிரிக்கின்றன, கொடியில் காயும் உடுப்பைத் தின்கின்றன என்று குறை சொல்வார்கள். என் வீட்டு வளவில் அவை தண்டவாளத்துக்கு நடுவே வந்து நிற்கும். நான் விசிலை ஒருமுறை இழுப்பேன். விலகிப் போய்விடும். உங்கள் சின்ன ரயில் சங்கத்து உறுப்பினர்களுக்குப் பல முறை இழுக்க வேண்டியிருந்தது, திரு. நவரத்தினம். அவர்களில் ஒருவர் தண்டவாளத்தின்மேல் குந்திக்கொண்டு தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கதிரையைச் சற்று முன்னுக்கு இழுத்துப் போடுங்கள். உங்களைக் கொழும்பிலிருந்து வரச்சொன்னது எஞ்சினை உங்கள் சங்கத்துக்கு விற்பதற்கு அல்ல. நீங்கள் எழுதிய விபத்து அறிக்கையில் ஒரு வசனம் பிழை. 'கொதிகலனின் நீர்க்கண்ணாடிக்குப் போகும் கீழ்வழி, மன்னார்க் கிணற்று நீரின் உப்புக்காரையால் அடைபட்டிருக்கலாம், பராமரிப்புப் போதாது.' என் மருமகன் கீர்த்தனன் வெந்து இறந்ததற்கு நீங்கள் கண்டுபிடித்த காரணம் அது. மரண விசாரணை அதிகாரி விபத்து என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு எஞ்சின் தெரியாது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள் ரயில்வே வேலைத்தளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் பெயரோடு அந்த வசனம் ஒட்டிக்கொண்டிருக்க நான் விடமாட்டேன். அதைத் திருத்துவதற்காகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் எஞ்சினுக்குள் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் போனதில்லை. மாரியில் கூரையிலிருந்து விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து, துணியில் வடித்து, அதற்கென்றே வைத்திருந்தேன். கோடையில் நாங்கள் பவுசரில் வந்த தண்ணீரைக் குடித்தோம். எஞ்சின் மழைநீரைக் குடித்தது. என் மனைவி கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோது அதில் ஒரு கோப்பை கேட்டாள். நான் கொடுக்கவில்லை. அவளுக்கு அது விளங்கியது. உங்களுக்கு விளங்கவில்லை.

இதை விளையாட்டு என்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஆட்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். தலையில் நீலத் தொப்பி, கழுத்தில் சிவப்பு லேஞ்சி, முகத்தில் கடையில் வாங்கிய கரி. பற்றரியில் ஓடும் பெட்டிக்குள் ஒலிபெருக்கியை வைத்து நீராவிச் சத்தம் கேட்கிறவர்கள். என்னுடையது அப்படியல்ல. தண்டவாளங்களுக்கிடையே ஏழேகால் அங்குலம். எஞ்சின் என் முழங்காலுக்குச் சற்று மேலே. ஆனால் உள்ளே எரிவது மெய்யான நெருப்பு, தள்ளுவது மெய்யான நீராவி. பத்துப் பெரியவர்களை ஏற்றிய பெட்டிகளைப் பனைகளுக்கிடையே வளவைச் சுற்றி இழுத்துவரும். வார்ப்புகள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. கடைசலும் அராவலும் என் கை. கொதிகலனின் செப்புத் தகடுகளைப் பற்றவைத்தது கீர்த்தனன் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அவன் சுவாலையைப் பிடித்தான். எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டியவன் நான்.

எங்கள் வீட்டை மன்னார்த் தீவில் யாரிடம் கேட்டாலும் 'றைவர் வீடு' என்று காட்டுவார்கள். என் பாட்டனார் யாகப்பர், தலைமன்னார் இறங்குதுறைக்கு மெயில் வண்டி ஓட்டியவர் என்பதால் வந்த பெயர். கலியாணம் பேசப் போகும்போது அந்தப் பெயர் எங்களுக்கு முன்னே போகும். கோயிலில் முன்வரிசை வாங்கு எங்களுக்கு. நான் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை பார்த்த காலத்தில், கட்டுக்கரைக் குளத்து மதகு என் சொல்லுக்குத் திறந்தது, என் சொல்லுக்கு மூடியது. வயல் செய்யும் கமக்காரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுதான் பேசுவார்கள். சண்டைக் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், பாலத்தை உடைத்தார்கள். எங்கள் வீட்டுப் பெயரை யாராலும் பெயர்க்க முடியவில்லை.

கீர்த்தனன் அப்படி இறங்கி நின்ற ஒரு கமக்காரரின் மகன். முருங்கன் பக்கம் அவர்களுக்கு நெல் மில் இருக்கிறது. நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் பக்கத்தில் உமிப்புகை குடித்து வளர்ந்தவன். என் ஒரே மகள் அஞ்சலா அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். நான் சம்மதித்தேன், அதைப் பெருந்தன்மை என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. கலியாணத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்றான். அதையும் சிரித்துக்கொண்டே பெற்றான். எல்லாவற்றுக்கும் சிரிப்பான். கெட்டவன் அல்ல. என் இருமல் கேட்டால் சுடுதண்ணீரோடு வந்து நிற்பான். இந்த வளவிலிருந்த தண்டவாளக் கட்டை ஒவ்வொன்றையும் என்னோடு சேர்ந்து பதித்தான். ஆனால் எதைச் சிரிக்கலாம், எதைச் சிரிக்கக் கூடாது என்று அவனுடைய வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கொதிகலனை முடிக்கும்போது கேட்டான்:

"மாமா, நெருப்புப் பெட்டியின்ர மேல் தகட்டில ஒரு ஈயத்தக்கை வச்சு விடுவமா? எங்கட மில்லில இருக்கு. தண்ணி குறைஞ்சா அது உருகி ஆவி இறங்கி நெருப்பை அணைச்சுப்போடும். ஆளுக்கு ஒண்டும் ஆகாது."

"அது தண்ணி பாக்கத் தெரியாத ஆக்களுக்கு, தம்பி."

"அப்ப எனக்குத்தான் மாமா முதல்ல வேணும்" என்று சிரித்தான்.

நான் வைக்கவில்லை. றைவர் வீட்டு எஞ்சினில் ஈயத்தக்கை வைப்பது, நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குக் காவல் போடுவது போன்றது.

இனி நீங்கள் பிழையாக எழுதிய கண்ணாடிக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முறையாகச் சொல்லவேண்டும். கொதிகலனின் பின்முகத்தில், ஓட்டுகிறவனின் கண்ணுக்கு நேரே, நிமிர்ந்த கண்ணாடிக் குழாய். மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு. இரண்டும் திறந்திருந்தால், உள்ளே எவ்வளவு தண்ணீரோ கண்ணாடியிலும் அவ்வளவு நிற்கும். கீழ்த்திருகு மூடியிருந்தால் கண்ணாடி பொய் சொல்லும். மேலிருந்து வரும் ஆவி குளிர்ந்து கண்ணாடியை நிரப்பிவிடும். உள்ளே வற்றிக்கொண்டிருந்தாலும் வெளியே நிறைந்தே தெரியும். அதனால் ஓட்ட ஏறுகிறவன் அடியிலுள்ள வடிதிருகைத் திறந்து, கண்ணாடியை ஒருமுறை வெறுமையாக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் சட்டென்று திரும்பி ஏறினால் சரி. வேறு யார் பார்த்திருந்தாலும் அவனும் பார்க்க வேண்டும். உலகமெங்கும் அதுதான் விதி.

என் வளவில் அதற்கு மேலே ஒரு விதி உண்டு. நெருப்பு மூட்டுவது நான். கண்ணாடியைப் பார்ப்பதும் நான். நான் 'தண்ணி சரி' என்று சொன்னபின் அதில் இன்னொருவர் கைவைப்பது என் முகத்தில் கைவைப்பதற்குச் சமம்.

கீர்த்தனன் ஒருமுறை கைவைத்தான். உப்புக்குளத்து ஜுனைட் ஹாஜியார் குடும்பத்தோடு வந்திருந்த நாள். நான் 'தண்ணி சரி' என்றேன். அவன் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே, வடிதிருகைத் திறந்து பார்த்தான். தண்ணீர் ஏறியது, ஏறாமல் எங்கே போகும். ஹாஜியார் பகிடிக்காரர்.

"என்ன ஐயா, மருமகனுக்கு உங்கட கண்ணில நம்பிக்கை இல்லைப் போல? கண்ணாடிக்கு இன்னொரு கண்ணாடி போடுறார்."

எல்லாரும் சிரித்தார்கள். கீர்த்தனனும் சிரித்தான். நான் நெருப்பை நிலத்தில் இழுத்துக் கொட்டிவிட்டு, எஞ்சினுக்குப் படங்கைப் போர்த்திவிட்டு வீட்டுக்குள் போனேன். தவக்காலம் முழுவதும் அவனோடு பேசவில்லை. அவனுடைய தாய் இராசம்மா மில் அரிசியோடு வந்து சமாதானம் பேசப் பார்த்தார். அரிசியை வாசலில் வைத்துவிட்டுப் போகச்சொன்னேன். உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்ததும் கீர்த்தனன் என் முன்னே வந்து நின்றான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"மாமா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மில்லில பழகின கை. இனி நீங்கள் பாத்ததை நான் பாக்கமாட்டன். சத்தியமா."

"சரி, தம்பி" என்றேன். பெரியவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் அவன். அதை நான் எங்கேயும் சொல்வேன்.

அதற்குப் பிறகுதான் தலைமன்னார் விஷயம் வந்தது. பழைய ரயில் விளக்கு ஒன்று தேடி அங்கே போனவன், ஜமால்தீன் என்ற கிழவரைச் சந்தித்திருக்கிறான். அந்தக் கிழவரின் தகப்பன் அந்தக் காலத்தில் இறங்குதுறை ஸ்ரேசனில் வேலை செய்தவர். கிழவர் சொன்ன கதையை அன்றிரவு சாப்பாட்டு மேசையில் வைத்தே எங்களுக்குச் சொன்னான். யாகப்பர் றைவர் அல்ல. நெருப்புக்குக் கரி போடும் பயர்மன். ஒரு நாள் தண்ணீரைக் கவனிக்காமல் விட்டு, எஞ்சினின் ஈயத்தக்கை உருகி, மெயில் வண்டி காட்டுக்குள் நின்றுபோனது. வெள்ளைக்காரத் துரை அவரை அந்த இடத்திலேயே வேலையை விட்டு இறக்கினார். தண்டவாளம் வழியே நடந்து ஊருக்கு வந்தவரைக் கண்டு யாரோ பகிடிக்கு 'றைவர் வாறார்' என்றார்கள். அந்தப் பகிடிதான் எங்கள் வீட்டுப் பெயர்.

எனக்கு இது தெரியாதென்று நினைத்தானோ என்னவோ. என் தந்தை எனக்குச் சொல்லியிருந்தார், கதவைச் சாத்திவிட்டு. ஒரு விஷயம் உண்மை என்பதற்காக அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவார்களா? ஒவ்வொரு வீட்டிலும் மலகூடம் இருப்பதும் உண்மைதான்.

அவன் அதை அவமானமாகவே காணவில்லை. கண் கலங்கச் சொன்னான்.

"யோசிச்சுப் பாருங்கோ மாமா. வேலையில இருந்து துரத்தின மனுசன்ர பேரன், தன்ர கையால ஒரு எஞ்சின் செய்து ஓட்டுறார். றைவரா இருந்திருந்தா இது ஒரு கதையே இல்லை. சனம் கேட்டா அழும்."

"சனத்துக்குச் சொல்லப் போறீரா?"

"கோயில்ல புனித யாகப்பர் திருநாளுக்குப் பங்குச் சுவாமி வந்து எஞ்சினை ஆசீர்வதிக்கிறார்தானே. கொழும்பு ஆக்களும் வருவினம். மைக்கில ரெண்டு சொல்லுச் சொல்லுவம். இதையும் பாருங்கோ."

அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த ஒரு பொதியை எடுத்துவந்து அவிழ்த்தான். பித்தளைப் பலகை. எஞ்சினின் விலாவில் பதிக்க வவுனியாவில் வெட்டுவித்தது. நல்ல வேலை, எழுத்து ஒவ்வொன்றும் நேர். 'பயர்மன் யாகப்பர்' என்று இருந்தது.

வேண்டாம் என்று சொன்னேன். நான் ஒருவரிடம் ஒரு விஷயத்தை இரண்டாம் முறை கேட்பதில்லை. இதை இரண்டாம் முறையும் கேட்டேன். அவன் என் கையைப் பிடித்து, "உங்களுக்கு வெக்கம் மாமா. அண்டைக்குப் பாருங்கோ, நீங்களே என்னைக் கட்டிப்பிடிப்பியள்" என்றான். அஞ்சலாவைப் பார்த்தேன். அவளாவது எங்கள் இரத்தம் என்று நினைத்தேன்.

"விடுங்கோவன் அப்பா. எந்தக் காலத்துக் கதை. றைவர் எண்டா என்ன, பயர்மன் எண்டா என்ன" என்றாள்.

வயலில் கட்டிக்கொடுத்தால் பேச்சும் வயல் பேச்சாகிவிடுகிறது.

திருநாள் காலை பூசை முடிந்து எல்லாரும் வளவுக்கு வந்தார்கள். சுவாமி, கன்னியர்கள், ஹாஜியார் குடும்பம், உங்கள் நீலத் தொப்பிகள். நீங்களும் வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தீர்கள். பலகையைப் பட்டுத்துணியால் மூடி எஞ்சினில் பூட்டியிருந்தான். முதலில் எஞ்சின் சில சுற்று ஓடி நெருப்பு நன்றாகப் பிடிக்க வேண்டும், அதற்குப் பிறகு ஆசீர்வாதம், பேச்சு, பலகை திறப்பு என்று அவனே ஒழுங்கு செய்திருந்தான். அந்த ஒழுங்கில் நான் ஒன்றை மட்டும் மாற்றினேன். பெட்டிகளைக் கழற்றிவிடச் சொன்னேன். சுவாமி ஆசீர்வதிக்குமுன் யாரையும் ஏற்றக் கூடாது, எஞ்சின் தனியே ஓடட்டும் என்றேன். எல்லாருக்கும் அது பக்தியாகத் தெரிந்தது. பிள்ளைகள் பெட்டியில் ஏற நின்றார்கள், திரு. நவரத்தினம். நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

நெருப்பை நான்தான் மூட்டினேன். சிரட்டைக்கரி, வழக்கமான அளவு. ஆவி ஏறியதும் கண்ணாடியின் கீழ்த்திருகை மூடினேன். உப்பும் இல்லை, காரையும் இல்லை. நெய்யில் திரும்புவதுபோல் திரும்பியது. கண்ணாடி மெல்ல நிறைந்தது. கொதிகலனில் இருந்த தண்ணீரில் வேண்டிய அளவை, கொதிகலனின் அடியில் வேறாக இருக்கும் வெளியேற்றுத் திருகால் நிலத்துக்கு விட்டேன். யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் விளங்கியிராது, நீங்கள் அந்த நேரம் உங்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள்.

கீர்த்தனன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் சிறு ஆசனத்தில் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்தான். நெருப்புக் கதவு அவனுடைய முழங்கால்களுக்கு நடுவே. குனிந்தால் முகம் அதற்கு நேரே வரும்.

"தண்ணி சரி" என்றேன்.

அவனுடைய கை வடிதிருகுக்குப் போனது. பழகின கை. விரல்கள் அதைத் தொட்டுவிட்டன. அப்போது என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. திறக்க வேண்டாம் என்று சொல்லவில்லை; கண்ணால்கூடக் காட்டவில்லை. இதை நீங்கள் அறிக்கையில் சேர்க்கவேண்டும். அவன் கையை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

"மாமா பாத்தா சரி" என்றான்.

அந்தத் திருகை அவன் திறந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். திறந்திருந்தால் நானே நெருப்பை இறக்கியிருப்பேன். பலகையையும் பொறுத்திருப்பேன். மெய்யான றைவர் ஒருவன் எங்கள் குடும்பத்தில் வந்து சேர்ந்தான் என்று மைக்கில் நானே சொல்லியிருப்பேன். அவனுக்கு நான் வைத்தது ஒரு பரீட்சை. உலகமெங்கும் உள்ள விதியை அவன் பின்பற்றவில்லை.

முதல் சுற்றில் கையை ஆட்டினான். இரண்டாம் சுற்றில் பெருக்கமரத்துப் பக்கம் நின்ற கழுதைகளுக்கு விசில் அடித்தான். கண்ணாடி நிறைந்திருந்ததால் அவன் உள்ளே தண்ணீர் விடவில்லை. அடுத்த சுற்றில் கரி போடுவதற்கு நெருப்புக் கதவைத் திறந்து குனிந்தான். தண்ணீர் இல்லாமல் பழுத்துப் போயிருந்த மேல் தகடு அப்போதுதான் கிழிந்தது. சத்தம் பெரிதில்லை. ஆவி முழுவதும் அந்தக் கதவால் வெளியே வந்தது. பட்டுத்துணி எரியவில்லை, நனைந்து தொங்கியது.

பலகையை நான் அந்த அமளியிலேயே கழற்றிவிட்டேன். சுவாமி மண்ணில் முழந்தாளிட்டு அவனுக்கு நோயிற்பூசுதல் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அங்கே நின்றார்கள். பலகை இப்போது பள்ளிமுனைக் கடலில் கிடக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவன் மாலைவரை இருந்தான். பேச முடிந்தது. என்னைத்தான் கேட்டான், அஞ்சலாவை வெளியே இருக்கச் சொன்னேன்.

"மாமா… கண்ணாடி நிறையத்தானே இருந்தது. நான் எங்கயோ பிழை விட்டிட்டன் என்ன?"

"ஓம் தம்பி. விட்டிட்டீர்" என்றேன்.

"ஆருக்கும் காயமில்லையே?"

"இல்லை."

"நல்லது மாமா" என்றான். நான் அவனுக்குப் பொய் சொல்லவில்லை. ஓட்டுகிறவன் பார்க்க வேண்டும், அவன் பார்க்கவில்லை. செத்த வீட்டுச் சடங்கை எந்தக் குறையும் இல்லாமல் செய்தேன். எங்கள் குடும்பக் கல்லறையில் இடம் கொடுத்தேன், என் பாட்டனாருக்குப் பக்கத்தில். நெல் மில் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமல்ல.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? மருமகன் அவசரப்பட்டுவிட்டான், பாவம், றைவர் வீட்டு ஐயா உடைந்துபோனார் என்றது. அப்படியே ஓய்ந்திருக்கும். உங்கள் அறிக்கைதான் கெடுத்தது. அதை அஞ்சலாவுக்கும் ஒரு பிரதி அனுப்பினீர்கள். அவள் இந்த மேசையில் இருந்து வாசித்தாள். மடித்து வைத்தாள். பிறகு என் முன்னே வந்து நின்று சொன்னாள்:

"உங்கட கவலையீனம் அப்பா. அந்த மனுசன் உங்கட சொல்லைக் கும்பிட்டுக்கொண்டு ஏறினார். நீங்கள் ஒரு சின்னக் குழாயைத் துப்புரவா வச்சிருக்கேல்ல. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லுற நீங்கள். இனிக் கோயிலிலயும் உங்களோட ஒரு வாங்கில இருக்கமாட்டன்."

அன்றே இராசம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டுக்கரைக்கு இந்தப் பக்கம், மில்லுக்குப் பின்னால் இருக்கும் வீடு. நான் அழைப்பு எடுத்தால் தொலைபேசியை வைத்துவிடுகிறாள். அந்தச் சொல்தான் அவளைத் தடுக்கிறது. கவலையீனம். ஒரு மகள் தன் தகப்பனைக் கவனமில்லாத கவலையீனக்காரன் என்று நினைத்துக்கொண்டு வாழ்வதென்றால் அவளுக்கு எவ்வளவு வேதனையாக இருக்கும். அவளை நான் குறை சொல்லமாட்டேன். அவளுக்குக் கிடைத்த தகவல் பிழை.

பொலிஸுக்குப் போக வேண்டுமென்றால் போங்கள். அது உங்கள் கடமை. கடமையைச் செய்கிறவர்களை நான் மதிப்பேன். ஆனால் கொழும்புக்குத் திரும்பும்போது முருங்கனைத் தாண்டித்தானே போவீர்கள். மில்லடியில் இறங்கி முதலில் அஞ்சலாவிடம் சொல்லுங்கள். குழாய் அடைபடவில்லை, துப்புரவாகத்தான் இருந்தது, அப்பா தன் கையால் மூடினார், மூடியபின் சரியாக மூடியிருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தார் என்று சொல்லுங்கள். கவலையீனம் ஒன்றும் இல்லை என்று அவளுக்கு விளங்கிவிடும். அவளுடைய அறையைக் கூட்டித் துடைத்து, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு வைத்திருக்கிறேன். இன்று மாலையே வந்துவிடுவாள்.